யாருடைய பூட்ஸ்? வான்கோவின் 1886 ஓவியம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து வாசலுக்கு வந்தால் நம் செருப்பு இருக்காது, அதே நிறத்தில் அதே அளவில் வேறொரு ஜோடி கிடக்கும். காலை நுழைத்ததுமே தெரிந்துவிடும், இது நம்முடையது இல்லை என்று. பெருவிரல் அழுத்திய பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், குதிகால் தேய்ந்த பக்கம் மாறியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரெண்டும் ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது, அதுவும் போட்டு நடந்தவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ஜோடி பழைய பூட்ஸ் யாருடையது என்று இருபதாம் நூற்றாண்டின் பெரிய மூளைகள் சில பல வருஷம் சண்டை போட்டிருக்கின்றன, அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பூட்ஸுக்குள் காலை விட்டுப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. ஏனென்றால் அது ஓவியத்தில் இருக்கிற பூட்ஸ்.

ஓவியம் இப்போது ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வின்சென்ட் வான்கோ 1886ஆம் வருஷம் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் பாரிஸில் வரைந்தது. அளவு 38.1 க்கு 45.3 சென்டிமீட்டர், அதாவது ஒரு பெரிய காலண்டர் தாள் அளவுகூடக் கிடையாது. கான்வாஸில் எண்ணெய் வண்ணம். பொருள், கணுக்கால் வரை வரும் ஒரு ஜோடி தோல் பூட்ஸ். அவ்வளவுதான்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நமக்கு இடப்பக்கம் இருக்கிற பூட்ஸின் மேல்பகுதி சோர்ந்து மடிந்து கிடக்கிறது, நாயின் காது மாதிரி. வலப்பக்கத்து பூட்ஸ் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஒரே இருட்டு. கயிறு அவிழ்ந்து தரையில் வளைந்து கிடக்கிறது. ஓட்டைகளின் உலோக வளையங்களில் மட்டும் அங்கங்கே சின்ன வெளிச்சம். பூட்ஸ் கிடக்கிற இடம் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. மஞ்சளும் பழுப்புமாக ஒரு பரப்பு, அது தரையா, மேஜையா, தெருவா, சுவரா, சொல்லவே முடியாது. கதவு இல்லை, நாற்காலி கால் இல்லை, வாசற்படி இல்லை. பூட்ஸின் நிழல் மட்டும் இருப்பதால் கீழே ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்ப வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த ஓவியத்தில் மிக முக்கியமாகப் படுவது பூட்ஸைவிட இந்த ஊர் பேர் இல்லாத இடம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓவியத்தின் பட்டா சுத்தமாக இருக்கிறது. வின்சென்ட் இறந்தபின் தம்பி தியோவுக்கு, 1891இல் தியோவும் இறந்தபின் அவர் மனைவி யோவுக்கு, அவரிடமிருந்து மகனுக்கு, 1962இல் குடும்ப அறக்கட்டளைக்கு, 1973இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு. வில்லங்கம் பூட்ஸில்தான்.

முதல் மனு: இது ஒரு விவசாயப் பெண்ணுடையது

மனுதாரர் மார்ட்டின் ஹைடெகர், ஜெர்மன் தத்துவவாதி. கலைப்படைப்பின் தோற்றுவாய் பற்றி 1935, 36 வாக்கில் அவர் நிகழ்த்திய உரைகள் 1950இல் அச்சில் வந்தன. ஒரு பொருளின் பொருள்தன்மை என்ன, கருவி என்றால் என்ன என்று பேசிக்கொண்டு போகிறவர் உதாரணத்துக்கு வான்கோவின் காலணி ஓவியத்தை எடுக்கிறார். எந்த ஓவியம் என்று சொல்லவில்லை, இப்படிப் பலமுறை வரைந்திருக்கிறார் என்று மட்டும் சொல்கிறார். பிறகு அந்த இருண்ட வாய்க்குள் பார்க்கிறார், பார்த்தவருக்கு ஒரு முழு வாழ்க்கையே தெரிகிறது: ஈர மண், நீண்ட உழவுச்சால், அதில் காற்றோடு மெல்ல நடக்கும் விவசாயப் பெண், சாயங்கால வயல்பாதையின் தனிமை, ரொட்டி கிடைக்குமா என்ற கவலை, பிரசவம், சாவு பற்றிய நடுக்கம். இந்தக் காலணி மண்ணுக்குச் சொந்தமானது, அவளுடைய உலகத்தில் பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

எழுத்தாக நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொல்வதற்குச் சற்று முன்னால் அவரே ஒன்றை ஒப்புக்கொள்கிறார். இந்தக் காலணியைச் சுற்றி அது எங்கே சேர்ந்தது என்று காட்டுகிற ஒன்றுமே இல்லை, ஒரு வரையறையில்லாத வெளிதான் இருக்கிறது, வயல்மண்கூட ஒட்டியிருக்கவில்லை என்கிறார். அதைச் சொல்லிவிட்டு, இருந்தாலும் என்று ஆரம்பித்துத்தான் மேலே சொன்ன வயலையெல்லாம் கொண்டுவந்து இறக்குகிறார். வழக்கறிஞர் பாஷையில் சொன்னால் சாட்சியே தன் வாயால் கெடுத்துக்கொண்டது.

யார் எந்தக் காலத்தில் பேசினார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஹைடெகர் 1933 மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தலைவர். சின்ன ஊரில், தேவாலயப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர், பெர்லினிலிருந்து பெரிய பதவிக்கு அழைப்பு வந்தபோது மலைக்கிராமத்துக் குடிலை விட்டு வரமாட்டேன் என்றவர். மண், விவசாயி, வேர் என்ற சொற்களெல்லாம் அப்போது ஜெர்மனியில் யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே தள்ளுவது என்று பிரிக்கிற சொற்களாகிவிட்டிருந்தன. ஹைடெகர் அதைத்தான் மனதில் வைத்து எழுதினார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு இல்லாத ஒரு பூட்ஸைப் பார்த்தவுடனே அதற்கு ஒரு கிராமத்து வீட்டைக் கட்டிக்கொடுக்கத் தோன்றியது என்றால், அந்த வீடு அவர் மனதில் ஏற்கனவே தயாராக இருந்திருக்கிறது.

இரண்டாவது மனு: இது வின்சென்டுடையதேதான்

மனுதாரர் மேயர் ஷப்பீரோ, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்று ஆசிரியர். லித்துவேனியாவில் யூதக் குடும்பத்தில் 1904இல் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். இவர் தத்துவத்துக்குள் போகவில்லை, ஒரு நல்ல விசாரணை அதிகாரி செய்வதைச் செய்தார். ஹைடெகருக்கே கடிதம் எழுதி, நீங்கள் பார்த்தது எந்த ஓவியம் என்று கேட்டார். 1930 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் பார்த்தது என்று பதில் வந்தது. ஓவியப் பட்டியலை எடுத்து வைத்து, அந்தக் கண்காட்சியில் எது இருந்தது என்று சரிபார்த்து, பட்டியலில் 255ஆம் எண் ஓவியம்தான் என்ற முடிவுக்கு வந்தார். அதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கிற ஓவியம்.

அப்புறம் கேள்வி நேரடியாக வருகிறது. 1886இல் வின்சென்ட் எங்கே இருந்தார்? பாரிஸில். நெதர்லாந்தில் விவசாயிகளை வரைந்த நூனன் கிராமத்தை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த நேரத்தில் அவர் நகரவாசி. இது அவருடைய சொந்தப் பூட்ஸ், காலணி வடிவத்தில் வரைந்த சுயசித்திரம் என்கிறார் ஷப்பீரோ. துணைக்கு வின்சென்டின் ஓவிய நண்பர் பால் காகின் சொன்ன ஒரு நினைவைக் கொண்டுவருகிறார். தெற்கு பிரான்ஸில் ஆர்ல் நகரத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தபோது, ஸ்டூடியோவில் கிடந்த பழைய பூட்ஸைப் பற்றி காகின் கேட்டாராம். நான் மதப்பிரசாரம் செய்ய பெல்ஜியத்துச் சுரங்கப் பகுதிக்கு வீட்டில் சொல்லாமல் ஒரு விடியற்காலையில் கிளம்பிப் போனபோது போட்டுக்கொண்டு போனது இது என்றாராம் வின்சென்ட்.

கதை அழகு. ஆனால் சாட்சியமாக எடுத்தால் தள்ளாடும். சுரங்கப் பகுதிக்குப் போனது 1878 கடைசியில், ஆர்லில் காகினோடு இருந்தது 1888இல். பத்து வருஷம் ஒரே பூட்ஸா, அதுவும் தம்பி அனுப்புகிற பணத்தில் ஊர் ஊராக நடந்தே அலைந்த மனுஷனிடம்? அப்படியே இருந்தாலும் ஆர்லில் கிடந்த பூட்ஸும் இரண்டு வருஷம் முன்னால் பாரிஸில் வரைந்ததும் ஒன்றுதான் என்று யார் சொன்னது? ஹைடெகரைக் கேள்வி கேட்பதில் ஷப்பீரோ கெட்டி, தன் பக்கத்துச் சாட்சியைக் கேள்வி கேட்பதில் கொஞ்சம் தாராளம்.

இதில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஷப்பீரோ இந்தக் கட்டுரையை 1968இல் ஒரு நினைவு மலருக்காக எழுதினார், அந்த மலர் கர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியல் மருத்துவருக்கானது. ஹைடெகரின் கட்டுரையை ஷப்பீரோவுக்கு அறிமுகப்படுத்தியதே அவர்தான். கோல்ட்ஸ்டைன் பெர்லினில் பெரிய மருத்துவர், யூதர். 1933 ஏப்ரலில் நாஜிகள் அவரைக் கைது செய்து, நாட்டை விட்டுப் போய்விடுவதாக ஒப்புக்கொண்ட பிறகு விட்டார்கள். அவர் போய் ஒரு வருஷம் தங்கிய ஊர் ஆம்ஸ்டர்டாம். மூன்று வருஷம் முன்னால் ஹைடெகர் சாவகாசமாகக் கண்காட்சி பார்த்துவிட்டு வந்த அதே ஊர். பிறகு அமெரிக்கா, அங்கேயே 1965இல் இறந்தார்.

ஆக, வீட்டை இழந்தவரின் நினைவுக்காக, குழந்தையாகப் புலம்பெயர்ந்து வந்த ஒருவர் எழுதுகிறார், வேர்பிடித்து நின்ற ஒருவரின் கையிலிருந்து பூட்ஸைப் பிடுங்கி, வீடு வீடாக மாறி எங்கேயும் நிலைக்காத ஓவியனின் காலடியில் வைக்கிறார். பூட்ஸ் ஒரு சாக்கு என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் முழுக்கச் சாக்கும் இல்லை.

மூன்றாவது ஆள் மனு போடவில்லை

பிரெஞ்சு தத்துவவாதி ழாக் தெரிதா 1978இல் வந்த தன் புத்தகத்தில் இந்த ரெண்டு மனுவையும் எடுத்துப் பிரித்துப் போட்டார், பல குரல்கள் ஒருவரை ஒருவர் இடைமறித்துப் பேசுவது போல நீளமான எழுத்து. படிக்கப் பொறுமை வேண்டும், பாதியில் மூடிவைத்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கேட்பதில் முதல் கேள்வி சிரிப்பை வரவழைக்கும்: இது ஒரு ஜோடிதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? ரெண்டும் இடதுகால் பூட்ஸாக இருக்கலாமே? சிரித்துவிட்டு ஓவியத்தைத் திரும்பப் பார்த்தால் சந்தேகம் வந்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது: உரியவரிடம் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ரெண்டு பேரும் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறீர்கள்?

தெரிதா பக்கத்து ஆவணத்தையும் புரட்டிப் பார்ப்பது நியாயம். அல்ஜீரியாவில் 1930இல் பிறந்த யூதர். 1940இல் ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரான்ஸின் விஷி அரசு அல்ஜீரிய யூதர்களின் பிரெஞ்சுக் குடியுரிமையை ரத்து செய்தது, 1942இல் அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். பிறந்த மண், குடியுரிமை, பேசுகிற மொழி மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத ஒருவர், இது இன்னாருடையது என்று முத்திரை குத்துவதைச் சந்தேகமாகப் பார்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சேறு

இவ்வளவு பெரிய சண்டையில் ஒதுங்கி நிற்கிற சாட்சி ஒருவர் இருக்கிறார். ஃபிரான்சுவா கோஸி, பாரிஸில் ஓவியர் கோர்மோனின் பயிற்சிக்கூடத்தில் வின்சென்டோடு இருந்தவர். அவர் பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பில் இருக்கிறது இது: வின்சென்ட் பழைய சாமான் சந்தையில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினார், வண்டிக்காரர்கள் போடுகிற முரட்டு ரகம், பழசு, ஆனால் துடைத்துப் பாலிஷ் போட்டு வைத்திருந்தார்கள். அது அவருக்குச் சப்பென்று இருந்திருக்கிறது. ஒரு மழை பெய்த மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு பாரிஸின் கோட்டைச் சுவர் ஓரமாக நடந்துவிட்டு வந்தார். சேறு அப்பிய பிறகுதான் வரையத் தகுந்ததாகத் தோன்றியது. அருங்காட்சியகமும் இன்று இந்தக் கதையைத்தான் பார்வையாளர்களுக்குச் சொல்கிறது.

எனக்கு இந்தச் சாட்சியம்தான் ஒட்டுகிறது. இதுவும் பழைய நினைவு, இதிலும் கலப்படம் இருக்கலாம். ஆனால் இதில் யாருக்கும் லாபம் இல்லை. விவசாயப் பெண்ணும் இல்லை, தியாகி ஓவியனும் இல்லை. கதை உண்மையானால் இந்தப் பூட்ஸை வருஷக்கணக்காகப் போட்டு மடிப்பும் பள்ளமும் உண்டாக்கியவர் பெயர் தெரியாத ஒரு வண்டிக்காரர், மேலே இருக்கிற சேறு மட்டும் வின்சென்டுடையது, ஒரே ஒரு மத்தியானத்துச் சேறு. நடந்த இடத்தையும் பாருங்கள். கோட்டைச் சுவர் என்பது அப்போது பாரிஸ் முடிகிற விளிம்பு. அந்தப் பக்கம் கிராமமும் கிடையாது, இந்தப் பக்கம் நகரமும் தேய்ந்துபோய் குடிசையும் பொட்டலுமாகக் கிடந்தது. ஹைடெகர் சொன்ன வயலிலும் நடக்கவில்லை, ஷப்பீரோ சொன்ன நகரத்திலும் நடக்கவில்லை, ரெண்டுக்கும் நடுவில் நடந்திருக்கிறார்.

ஹைடெகர் மண் ஒட்டவில்லை என்கிறார், கோஸி சேறு அப்பியது என்கிறார். ஓவியத்தைப் பார்த்தால் தோலும் பழுப்பு, சேறும் பழுப்பு, பெயிண்டும் பழுப்பு, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. அது திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

சேறு என்றதும் நூனன் கடிதம் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. 1883 டிசம்பரில், முப்பது வயதில், போக வேறு இடம் இல்லாமல் அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார் வின்சென்ட். அங்கிருந்து தியோவுக்கு எழுதுகிறார்: ஒரு பெரிய சடைநாயை வீட்டுக்குள் விடத் தயங்குவது மாதிரி என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறார்கள், ஈரக்காலோடு கூடத்துக்குள் வந்துவிடும், எல்லார் காலிலும் இடறும், சத்தமாகக் குரைக்கும், மொத்தத்தில் அழுக்குப் பிராணி. பெற்றவர்கள் வீட்டில் தன்னை இப்படி ஈரக்காலோடு நிற்கிற நாயாகப் பார்த்த ஒருவர், மூன்று வருஷம் கழித்து, பாலிஷ் போட்ட பூட்ஸை வேண்டுமென்றே சேற்றில் நனைத்துக்கொண்டு வந்து வரைகிறார். இந்த இணைப்பை நான்தான் போடுகிறேன், ஆவணம் இல்லை. ஆனால் மடிந்து கிடக்கிற அந்த இடது பூட்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாய்க்காது ஞாபகம் வருவதற்கு இந்தக் கடிதம்தான் காரணம்.

கையெழுத்து விஷயமும் இருக்கிறது. வரைந்த ஓவியங்களில் அவர் வின்சென்ட் என்று மட்டும்தான் போடுவார், குடும்பப் பெயர் கிடையாது. 1888இல் ஆர்லிலிருந்து தியோவுக்கு எழுதும்போது, கண்காட்சிப் பட்டியலிலும் என் பெயரை வின்சென்ட் என்றே போடு, இங்கே இருக்கிறவர்களுக்கு மற்றது வாயில் நுழைவதில்லை என்கிறார். வெளிநாட்டில் ஆபீஸ் வேலைக்குப் போய்ப் பெயரைப் பாதியாக வெட்டிக்கொண்ட நம் ஆட்களுக்கு இது புதுசில்லை. கொச்சின் முதல் கோப்பன்ஹேகன் வரை எல்லா ஊரிலும் நடப்பதுதான், ஆனால் இவர் விட்டது அப்பாவின் பெயரை, அந்த அப்பாவின் வீட்டைத்தான் மேலே பார்த்தோம்.

அடியில் இருக்கிற வீடு

பாரிஸ் வருஷங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு கஷ்டம். கடிதம் இல்லை. தியோவுக்கு எழுதியதில் மட்டும் அறுநூறுக்கு மேல் மிஞ்சியிருக்கிறது, ஆனால் பாரிஸ் காலத்துக்கு ஒரு கை விரலுக்குள் அடங்கும். காரணம் எளிது, அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள், மாண்ட்மார்ட்டில் லெபிக் தெருவில் 54ஆம் எண். பக்கத்து அறையில் இருக்கிறவனுக்கு யார் கடிதம் எழுதுவார்? தங்க வீடு கிடைத்ததால் எழுத்து நின்றுபோனது, பூட்ஸைப் பற்றி அவர் கைப்பட ஒரு வரி நமக்கு இல்லாமல் போனது இதனால்தான்.

கான்வாஸ் வாங்கவும் அப்போது காசு இழுபறி. வரைந்ததன் மேலேயே திரும்ப வரைவது அவருக்குப் பழக்கம். இந்த ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பூட்ஸுக்கு அடியில் இன்னொரு ஓவியம் இருப்பது தெரிந்தது. அது தியோ வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற காட்சி.

இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை. வீட்டுக்குள் நின்று ஜன்னல் வழியாக வெளியே பார்த்து வரைந்த ஓவியம், அதை மூடி அதன் மேல் யாருடையது என்று தெரியாத ஒரு வெளி, அந்த வெளியில் ஒரு ஜோடி பூட்ஸ். மிச்சம் பிடிக்கத்தான் செய்திருப்பார், உள்ளர்த்தம் வைத்துச் செய்திருக்க மாட்டார், இது எனக்கும் தெரியும். ஹைடெகருக்கு இது தெரியாது, 1968இல் எழுதிய ஷப்பீரோவின் வாதத்திலும் இது இல்லை. வீடு எங்கே, எந்தத் தரையில் கிடக்கிறது இது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, பூட்ஸுக்கு அடியிலேயே ஒரு வீட்டின் ஜன்னல் இருந்திருக்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், பூட்ஸ் வண்டிக்காரருடையது, சேறு வின்சென்டுடையது, வயல் ஹைடெகருடையது, நகரத்து அகதி ஷப்பீரோவுடையவர். அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நிற்கிற கூட்டத்தில் ஒவ்வொருவரும் அதில் தங்கள் வீட்டு ஆளைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள், அதற்கு இடம் கொடுப்பது அந்தத் தரையில்லாத தரை. அதில் ஒரு ஓடோ ஒரு கல்லோ வரைந்திருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது.

அப்படி ஓடு வரைந்த ஓவியமும் இருக்கிறது. 1888 ஆகஸ்டில், ஆர்லில், தன் பெயரில் வாடகைக்கு எடுத்த மஞ்சள் வீட்டில் வைத்து இன்னொரு ஜோடி காலணியை வரைந்தார், இப்போது அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தரை தெளிவாகத் தெரிகிறது, அந்த வீட்டின் சிவப்பு ஓடுகள். அதே சமயம் அவர் வரைந்துகொண்டிருந்த பஸியான்ஸ் எஸ்கலியே என்ற கிழவருடையதாக அந்தக் காலணி இருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. எஸ்கலியே விவசாயி.